தூரத்தைக் குறையுங்கள், வேகத்தில் கை வைக்காதீர்கள்

வாசகர் கேள்வி:

"ஐயா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை செய்கிறேன். வயது 25, எடை 60 கிலோ. திங்கள் தவிர மற்ற ஆறு நாளும் விடியற்காலையில் ஓடுவேன். கிழமைக்கு 80 கிலோமீற்றர் அளவில் வரும். அரை மரதனில் (21 கிலோமீற்றர்) என் சிறந்த நேரம் 1 மணி 22 நிமிடம். அதற்குப் பிறகு ஒரு போட்டிக்கு முன் எட்டு நாள் ஓட்டத்தை முழுதாக நிறுத்தினேன். அந்த நாட்களில் வீட்டில் கிடந்த வேலைகளை முடித்தேன்: விறகு பிளந்தேன், லயத்துக் கூரைக்குத் தகரம் மாற்றினேன். போட்டியன்று கால் இரண்டும் கட்டை மாதிரி. 1:25தான் வந்தது. எடையும் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. அடுத்த முறை எதையும் குறைக்கவில்லை. மூன்று நாளுக்கு முன்கூட 18 கிலோமீற்றர் ஓடினேன். 15ஆவது கிலோமீற்றரில் பின்தொடை பிடித்துக்கொண்டு 1:29. இன்னும் ஐந்து கிழமையில், ஒரு ஞாயிறு காலை, கொழும்பில் அரை மரதன். எத்தனை நாளுக்கு முன் ஓட்டத்தை நிறுத்த வேண்டும்? கூட ஓடுபவர்கள் மூன்று நாள் போதும் என்கிறார்கள்."

பதில்:

தம்பி, எத்தனை நாளுக்கு முன் நிறுத்துவது என்று கேட்கிறீர்கள். நிறுத்தவே வேண்டாம். குறைக்க வேண்டும். அதிலும் குறைய வேண்டியது தூரம் மட்டும். வேகம் அப்படியே இருக்க வேண்டும், ஓடும் நாட்களும் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். முதல் தடவை நீங்கள் மூன்றையும் சேர்த்து வெட்டினீர்கள். இரண்டாம் தடவை ஒன்றையும் வெட்டவில்லை. இரண்டு போட்டியும் கெட்டதற்கு முதல் காரணம் இதுதான்.

கடும் பயிற்சி உடம்பில் இரண்டு கணக்கைத் திறக்கிறது. ஒன்று தேர்ச்சி: இதயத்தின் பலம், தசைக்குள் ஓடும் நுண்குழாய்கள், தசை சக்தியை எரிக்கும் திறன். இவை மாதக்கணக்கில் சேர்பவை, மெதுவாகத்தான் கரையும். மற்றது களைப்பு: தசை இழைகளில் நுண்ணிய கிழிவு, அரைகுறையாக நிரம்பிய கிளைக்கோஜன் (தசை சேமித்து வைக்கும் எரிபொருள்), மந்தமான நரம்பு. இது வேகமாகச் சேரும், வேகமாகவே ஆறும். ஓட்டக்காரர்கள் 'டேப்பர்' என்று சொல்லும் குறைப்புக் காலம் இந்த வித்தியாசத்தைத்தான் பயன்படுத்துகிறது. களைப்பு வடியும் அளவுக்கு நீளமாகவும், தேர்ச்சி கரையாத அளவுக்குக் குறுகியதாகவும் அது இருக்க வேண்டும்.

கவ்வாத்துக்காரரான உங்களுக்கு இது புதிதல்ல. வெட்டுக்கு முன் வேரில் மாச்சத்து இருக்கிறதா என்று அயடீன் தொட்டுப் பார்ப்பார்கள். போதாவிட்டால் கொழுந்து எடுப்பதை நிறுத்திச் செடியைக் கொஞ்ச நாள் ஆறவிடுவார்கள். ஆறவிடாமல் வெட்டிய செடி துளிர்க்கப் படும் பாடு உங்களுக்குத் தெரியும். உங்கள் தொடைக்குள் இருக்கும் கிளைக்கோஜனும் ஒருவகை மாச்சத்துத்தான். அதை 18 கிலோமீற்றர் ஓடிக் காலியாக்கி, நடுவில் கவ்வாத்தும் வெட்டிவிட்டு, நான்காம் நாள் 21 கிலோமீற்றருக்குப் போனீர்கள். பின்தொடை பிடிப்பு எங்கிருந்து வந்ததென்று இப்போது புரியும்.

முழுதாக நிறுத்தினால் ஏன் கால் கட்டையாகிறது? ஓட்டம் நின்ற சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது. அதனால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் குறைந்து, அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு கூடும். நரம்புக்கும் தசைக்கும் இடையே வேகத்துக்கான ஒத்திசைவும் தளரும். கொழும்பு வெயிலில் இந்த இழப்பு இரட்டிப்பாகத் தெரியும், ஏனென்றால் வியர்வையும் அதே நீரிலிருந்துதான் போகிறது. வேகமான சிறு ஓட்டங்களை விடாமல் வைத்திருந்தால், "இது இன்னும் தேவை" என்ற செய்தி உடம்புக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

எவ்வளவு குறைப்பது என்பதற்கு ஆய்வில் தெளிவான விடை இருக்கிறது. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான பகுப்பாய்வில், இரண்டு கிழமைக் காலத்தில் மொத்தத் தூரத்தை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தையும் நாட்களையும் மாற்றாமல் விட்டவர்களுக்கே அதிக பலன் கிடைத்திருந்தது. பலன் பொதுவாக 2 முதல் 3 சதவீதம். உங்கள் 82 நிமிடத்தில் 2 சதவீதம் என்பது 98 செக்கன். சிறிய தொகையல்ல. ஆனால் அதை நம்பி 1:18க்குக் கனவு காண வேண்டாம். அதில் ஒரு பங்கைக் கொழும்பின் சூடு எடுத்துக்கொள்ளும்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் மூன்று நாள், உண்மையான ஓய்வாக இருந்தால், கிளைக்கோஜன் நிரம்பப் போதும். தசைக் கிழிவு ஆறப் போதாது. மூன்று நாள் கணக்கு வாரத்துக்கு 30 கிலோமீற்றர் ஓடுபவருக்குச் சரிவரலாம். 80 ஓடுபவருக்கு இரண்டு கிழமை வேண்டும்.

இனி நாள் கணக்கு. போட்டிக்குச் சரியாக இரண்டு கிழமை முன்வரும் ஞாயிறுதான் கடைசி நீண்ட ஓட்டம்: 20 கிலோமீற்றர், அதில் கடைசி 6 போட்டி வேகத்தில். உங்கள் போட்டி வேகம் கிலோமீற்றருக்கு 3 நிமிடம் 53 செக்கன். அதுவரை வழக்கமான பயிற்சி. அந்த ஞாயிறுக்குப் பிறகு நீங்கள் செய்யும் எந்தக் கடும் பயிற்சியும் போட்டி நாளுக்குள் தேர்ச்சியாக மாறாது, களைப்பாக மட்டுமே மிஞ்சும். "ஒரு நாள் தவறிவிட்டது, ஈடுசெய்கிறேன்" என்று கூடுதலாக ஓடுபவர்கள் கெடுவது இங்கேதான். தவறிய நாள் தவறியதாகவே இருக்கட்டும்.

முதல் கிழமையில் திங்கள் வழக்கம்போல ஓய்வு. செவ்வாய் 3 கிலோமீற்றர் மெல்லோட்டம், பிறகு 1,000 மீற்றர் ஐந்து தடவை, ஒவ்வொன்றும் 3:40 முதல் 3:45க்குள், இடையில் இரண்டு நிமிடம் மெதுவான ஓட்டம், முடிவில் 2 கிலோமீற்றர் ஆறுதல் ஓட்டம். எல்லாம் சேர்த்து 11 வரும். புதன் 8 கிலோமீற்றர், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். வியாழன் 9: நடுவில் 5 மட்டும் போட்டி வேகத்தில். வெள்ளி மெதுவாக 6. சனி மெதுவாக 7, முடிவில் 100 மீற்றர் ஐந்து தடவை. இவை முழுப்பாய்ச்சல் அல்ல, தோளைத் தளர்த்தி, காலைச் சுறுசுறுப்பாக எடுத்து வைக்கும் ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் பிறகு நடந்து மூச்சு முழுதாக ஆற வேண்டும். ஞாயிறு 13, கடைசி 3 போட்டி வேகத்தில். மொத்தம் 54.

போட்டிக் கிழமையில் திங்கள் ஓய்வு. செவ்வாய் மொத்தம் 8: அதில் 1,000 மீற்றர் மூன்று தடவை, 3:45 வேகத்தில். மூன்றாவது முடியும்போது "இன்னும் இரண்டு ஓடலாமே" என்று தோன்ற வேண்டும். தோன்றினாலும் ஓடக்கூடாது. புதன் மெதுவாக 6. வியாழன் 6, அதில் ஒவ்வொரு கிலோமீற்றராக இரண்டு தடவை போட்டி வேகத்தில். வெள்ளி மெதுவாக 5. சனி 4 கிலோமீற்றர், 80 மீற்றர் நான்கு தடவை. மொத்தம் 29. இரண்டு கிழமைக்கும் சேர்த்து 83 கிலோமீற்றர், வழக்கப்படி 160 ஓடியிருப்பீர்கள். குறைப்பு 48 சதவீதம்.

கவனியுங்கள்: முதல் கிழமையில் குறைவது மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் கிழமையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. படிப்படியாக இறங்குவது, முதல் நாளே சட்டென்று பாதியாக்குவதைவிட நல்லது. சனிக்கிழமைச் சிறு ஓட்டம் தேவையா என்று பலர் கேட்பார்கள். தேவை. முழு ஓய்வு வேண்டுமென்றால் அதை வெள்ளிக்குத் தள்ளுங்கள். போட்டிக்கு முதல்நாள் ஒன்றுமே செய்யாத கால், மறுநாள் முதல் மூன்று கிலோமீற்றரைத் தூக்கம் கலைவதற்கே செலவழிக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் சமதரையில் ஓடுபவருக்கு எழுதப்பட்டது. மலைநாட்டில் ஓடுபவருக்கு, கிலோமீற்றரில் தெரியாத ஒரு பாரம் இருக்கிறது: இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், அதனால் அதைத்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம். தசையைக் கிழிப்பது இறக்கம். இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. அந்த வலி ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். வலி போன பிறகும் தசையின் பலம் திரும்பக் கூடுதல் நாள் எடுக்கும். தொழிற்சாலை வரை செங்குத்தாக இறங்கும் தோட்டத்துப் பாதையில் விரைந்து ஓடிய 8 கிலோமீற்றர், சமதரையில் 14 ஓடியதைவிடக் காலை அதிகம் உடைக்கலாம். கொழும்பு வீதி ஏறக்குறையச் சமதரை. நீங்கள் இறக்கத்துக்குப் பழக வேண்டிய தேவை இந்தப் போட்டிக்கு இல்லை.

ஆகவே கடைசி நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வேகமாக இறங்கி ஓடுவதை அறவே விடுங்கள். ஏறி ஓடலாம், இறங்கி நடங்கள். டவுனுக்கு இறங்கித்தான் ஓட வேண்டுமென்றால், கீழே போக பஸ்ஸையோ ஆட்டோவையோ பிடியுங்கள், ஓட்டம் முடிந்து ஏறி வாருங்கள். வேகப் பயிற்சியை ஹட்டன் டன்பார் மைதானம்போல ஒரு சமமான தரையில் செய்யுங்கள். மேட்டுப் பாதையில் போன் காட்டும் வேகத்தை நம்பி 3:53ஐத் துரத்தினால், ஏற்றத்தில் போட்டி வேகத்தைவிட எவ்வளவோ கடினமாக உழைத்திருப்பீர்கள். மெதுவான ஓட்டங்களுக்குக் கிலோமீற்றரே வேண்டாம், நிமிடக் கணக்கு போதும்: 6 கிலோமீற்றர் என்று எழுதியிருக்கும் நாளில் 32 நிமிடம், 8க்கு 43.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் நீங்களே பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு வரி. எட்டு நாள் "ஓய்வில்" விறகு பிளந்து, கூரை ஏறித் தகரம் மாற்றியிருக்கிறீர்கள். அது ஓய்வல்ல, பழகாத வேலை. கோடரி வீசும் முதுகும், கூரையில் குந்தியிருந்த தொடையும் ஓட்டத்துக்குப் பழகிய விதத்தில் உழைக்கவில்லை. பழகாத வேலைதான் தசையை அதிகம் நோகவைக்கும். உங்களுக்கு ஓட்டமும் இல்லாமல் போனது, ஓய்வும் இல்லாமல் போனது.

பாரத்தை அளக்கப் பயிற்றுநர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கொன்று உண்டு: எத்தனை நிமிடம் என்பதை, எவ்வளவு கடினம் என்று 10க்கு நீங்கள் கொடுக்கும் புள்ளியால் பெருக்குவது. 80 கிலோமீற்றர் ஏறக்குறைய 400 நிமிடம், சராசரி 5 புள்ளி என்றால் 2,000. இனிக் கவ்வாத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 6 மணி, 3 புள்ளிதான் என்று வைத்தாலும் 360ஐ மூன்றால் பெருக்க 1,080. அது ஒரே நாளுக்கு. ஓட்டத்தையும் கூலி வேலையையும் ஒரே தராசில் வைப்பது முழுக்கச் சரியில்லை, ஆனாலும் தொகையைப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஓட்டத்தைப் பாதியாக்கிவிட்டு வேலையைக் கூட்டினால் குறைப்புக் காலம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

பேர் (நாள் வேலைக் கணக்கு) போனால் சம்பளம் போகும் என்பது தெரியும். இரண்டு கிழமை லீவு போடச் சொல்லவில்லை. சனிக்கிழமை எப்படியும் பயணத்துக்குப் போய்விடும். இன்னும் ஒரு நாள் விட முடிந்தால் அது வெள்ளியாக இருக்கட்டும். அதுவும் முடியாதென்றால், போட்டிக் கிழமையில் புதன் முதலாவது கவ்வாத்துக்குப் பதில் இலேசான வேலை தரும்படி கங்காணியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ முன்கூட்டியே, இப்போதே, சொல்லி வையுங்கள். முதல்நாள் மாலை போய்க் கேட்டால் கிடைக்காது. வீட்டு வேலை எல்லாவற்றையும் போட்டிக்கு அடுத்த கிழமைக்குத் தள்ளுங்கள். தோட்டத்துப் பையன்களோடு எல்லே, ஃபுட்போல் ஆடுவதும் அந்த இரண்டு கிழமை வேண்டாம். திருவிழா வந்தால் சாமி கும்பிடுங்கள், தேர் வடத்தை மற்றவர்கள் பிடிக்கட்டும்.

ஓட்டம் சுருங்குவதால், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு முன் அரை மணி நேரமாவது மிச்சமாகும். அதைத் தூக்கத்துக்குக் கொடுங்கள். போட்டிக்கு முந்தின இரவு தூக்கம் வராது, கவலையில்லை. வெள்ளி இரவுத் தூக்கம்தான் முக்கியம், அதற்கு முந்தின ஐந்தாறு இரவுகளும்.

எடை பற்றிய கவலையை விடுங்கள். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைக்கும். 300, 400 கிராம் கூடுதலாகச் சேர்ந்தால் நீரோடு ஒன்றரைக் கிலோவரை ஏறிவிடும். அது கொழுப்பல்ல, எரிபொருள். எரியும்போது அந்த நீரும் விடுபடும், கொழும்பில் அது பயன்தான். தராசைப் பார்த்துவிட்டுச் சோற்றைக் குறைப்பதுதான் இந்தக் காலத்தில் நடக்கும் பெரிய தவறு. ஓட்டம் குறையும்போது பசியும் தானாகக் கொஞ்சம் குறையும், அதற்கு மேல் நீங்கள் குறைக்கத் தேவையில்லை.

வெள்ளியும் சனியும் மாச்சத்தைக் கூட்ட வேண்டும். 80 நிமிடப் போட்டிக்கு மரதன்காரர் போல வயிறு புடைக்கத் தின்ன வேண்டாம். உடல் எடையில் கிலோவுக்கு 7 கிராம், அதாவது உங்களுக்கு நாளைக்கு 420 கிராம் மாச்சத்துப் போதும். சாப்பாட்டில் சொன்னால்: காலையில் 150 கிராம் கோதுமை மாவில் சுட்ட ரொட்டி, பகல் மூன்று கோப்பைச் சோறு, பின்னேரம் இரண்டு வாழைப்பழமும் சீனி போட்ட பிளேன்டியும், நாலைந்து பிஸ்கட், இரவு இரண்டு கோப்பைச் சோறு. அவ்வளவுதான். மாற்ற வேண்டியது பக்கத்தில் வைப்பதை. சனிக்கிழமை தேங்காய்ச் சம்பல், பொரியல், பருப்பு, கீரை, உறைப்பு எல்லாவற்றையும் குறையுங்கள். கொழுப்பும் நாரும் வயிற்றில் தங்கும், ஓடும்போது கேட்கும். கொழும்புக்குப் போன சந்தோஷத்தில் இரவு கொத்து சாப்பிட்டுவிட்டு 8ஆவது கிலோமீற்றரில் கழிப்பறை தேடியவர்கள் நிறையப் பேர். புரட்டாசிச் சனி விரதம் பிடிப்பவராக இருந்தால், போட்டிக்கு முந்தின சனியில் பட்டினி கிடக்கக் கூடாது. மரக்கறிச் சோறாக வயிறாறச் சாப்பிடுங்கள்.

இனிச் சூடு. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் ஜேர்சி இல்லாமல் வெளியே போக முடியாது. கொழும்பில் விடியும்போதே வியர்க்கும், காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் வழியும். வழியும் வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. முழுதாகப் பழகப் பத்து நாள் கீழே தங்க வேண்டும், அது நடக்காது. பாதியாவது பழகலாம். குறைப்புக் காலத்து மெதுவான ஓட்டங்களில் நான்கை, அதாவது முதல் கிழமைப் புதன், வெள்ளி, சனி, போட்டிக் கிழமைப் புதன் ஆகியவற்றை, விடியற்காலையில் இல்லாமல் வேலை விட்ட பிறகு வெயில் இருக்கும்போது, ஜேர்சி போட்டுக்கொண்டு ஓடுங்கள். 30 முதல் 40 நிமிடம் நன்றாக வியர்க்க வேண்டும், வேகம் கூடாது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதும், சீக்கிரம் வியர்க்கப் பழகுவதும் இதனால்தான். இதைக் கூடுதல் ஓட்டமாகச் சேர்க்காதீர்கள், இருக்கும் ஓட்டத்தையே நேரம் மாற்றி ஓடுகிறீர்கள். தலை சுற்றினாலோ, உடம்பு சிலிர்த்தாலோ அந்த இடத்திலேயே ஜேர்சியைக் கழற்றி நடக்க வேண்டும். வேகப் பயிற்சி நாட்களில் இதைச் செய்யவே கூடாது. வேகத்துக்குக் குளிர்ந்த காலைதான் நல்லது.

பயணம் சனிக்கிழமை காலையில். வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் வாந்தி வரும் என்றால் ரயிலில் போங்கள், வாந்தியெடுத்த வயிறு இரவுக்குள் நிரம்பாது. 4 கிலோமீற்றர் ஓட்டத்தைப் புறப்படுமுன் ஹட்டனிலேயே முடித்துவிடலாம். கொழும்பில் இறங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். காலிமுகத்திடலில் இரண்டு மணி நேரம் நடப்பதும் பாரம்தான்.

முதல் கிழமையின் நடுப்பகுதியில், நான்காம் ஐந்தாம் நாளளவில், கால் முன்பைவிடப் பாரமாக இருக்கும். முழங்காலில் ஒரு குத்து, கெண்டைக்காலில் ஓர் இழுப்பு, இதுவரை இல்லாத வலிகளெல்லாம் எட்டிப் பார்க்கும். தசை தன்னைச் சரிசெய்யும் காலம் அது, பெரும்பாலும் நாலைந்து நாளில் மறையும். தேர்ச்சி போய்விட்டதோ என்று பயந்து நேரம் வைத்து 10 கிலோமீற்றர் ஓடிப் பார்ப்பது, நட்ட விதை முளைத்ததா என்று தோண்டிப் பார்ப்பதுபோல. ஆனால் ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலி, நடக்கும்போதும் நோகும் வலி வேறு. அதை மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து நாள் குறைத்த பிறகும் படியேற மூச்சு வாங்கி, களைப்புத் துளியும் குறையவில்லை என்றால் இரத்தத்தில் ஈமோகுளோபினையும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிறவர்கள், அது உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுப்பதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுவது எல்லாக் காலத்துக்கும் நல்லது.

தடிமன் மூக்கோடு நின்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு உளைவு என்றால் ஓட்டம் இல்லை, போட்டியும் இல்லை. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறெதையும் நீங்களாகப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் டைக்குளோபினக், இபுபுறூபன் போன்ற மாத்திரைகள் இரத்தக் கசிவை உண்டாக்கும். காய்ச்சல் இல்லாவிட்டாலும், போட்டியன்று கால் நோகாமலிருக்க அந்த மாத்திரைகளை முன்கூட்டிப் போடும் பழக்கம் ஓட்டக்காரர்களிடம் இருக்கிறது. சூட்டில் உடம்பு நீரிழக்கும்போது அவை சிறுநீரகத்தைத் தாக்கும். வேண்டாம்.

புதுச் சப்பாத்து வாங்குவதென்றால் இந்தக் கிழமையே வாங்கி, போட்டிக்கு முன் 50 கிலோமீற்றராவது ஓடிப் பழக்குங்கள். கடைசி மூன்று நாளில் யாரும் காலை அழுத்திப் பிடித்துவிட விடாதீர்கள், மெதுவாகத் தடவிவிடுவது போதும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பழக்குபவர்களும் இதே கேள்வியை அனுப்புவதால் ஒரு வார்த்தை: 1,500, 3,000, 5,000 மீற்றர்காரருக்கு இரண்டு கிழமை அதிகம், ஏழு எட்டு நாள் போதும், வேகப் பங்கை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும். வலயம், மாகாணம், அகில இலங்கை என்று அடுத்தடுத்துப் போட்டி வரும்போது ஒவ்வொன்றுக்கும் முழுக் குறைப்புச் செய்தால் பயிற்சி செய்ய நாளே மிஞ்சாது. முன்சுற்றுகளுக்கு மூன்று நாள் இலேசாக்கி, முழுக் குறைப்பைக் கடைசிப் போட்டிக்கு வையுங்கள். 42 கிலோமீற்றருக்கு மூன்று கிழமை.

போட்டியன்று, தொடக்கத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்னால் எழுந்து நாலு துண்டுப் பாணும் ஜாமும், ஒரு வாழைப்பழம், வழக்கமான பிளேன்டி. அதோடு அரை லீற்றர் தண்ணீர், மெதுவாக. பிறகு ஒரு மிடறு இரண்டு மிடறுதான். வழியில் தண்ணீர் வைத்திருக்கும் இடங்களில் தாகத்துக்கு ஏற்ப அரைக் கோப்பை குடியுங்கள், மிச்சத்தைத் தலையில் ஊற்றுங்கள். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புக் கரைசல்) குடித்துப் பழக்கமிருந்தால் முடிந்த பிறகு குடிக்கலாம், அன்றுதான் முதன்முதலாகக் குடித்துப் பார்க்க வேண்டாம்.

தொடக்கத்தில் இரண்டு பொய்கள் உங்களை ஏமாற்றும். ஒன்று, ஆறிய கால் 3:40ஐக்கூட மெதுவென்று சொல்லும். மற்றது, மலையிலிருந்து இறங்கிய நுரையீரலுக்குக் கடல்மட்டக் காற்று தாராளமாக இருக்கும். மூச்சு வாங்காததை வைத்து வேகத்தைத் தீர்மானித்தால், சூடு அரை மணி நேரம் கழித்து வந்து கணக்கைத் தீர்க்கும். முதல் மூன்று கிலோமீற்றரை 3:57 முதல் 4:00க்குள் பிடித்து வையுங்கள். நான்காவதிலிருந்து 3:53க்கு வாருங்கள். முன்பு பின்தொடை பிடித்த 15ஆவது கிலோமீற்றர் வரும்வரை யாரையும் துரத்தாதீர்கள். அங்கே மூச்சை மூன்று அடிக்கு ஒரு தடவை இழுக்க முடிந்தால் மீதி ஆறு கிலோமீற்றரில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று செக்கன் குறைக்கலாம். இழுக்க முடியாவிட்டால் அதே வேகத்தைக் கடைசிவரை கொண்டுபோங்கள்.